கண் திறந்த முகமூடி

ஹாராதன் சூத்ரதர் தன் கையைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். காலையில் தன்னை மறந்து பன்னிரண்டாவது துர்க்கை முகமூடிக்குக் கண்ணைத் திறந்துவிட்டார்.

வங்காளத்துச் சரிதா கிராமத்தில், முகமூடி போட்டு ஆடும் சௌ ஆட்டத்துக்கு முகமூடி செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதுவரை அது வெறும் காகிதமும் களிமண்ணும். எழுதிவிட்டால் அவள் அம்மா. கல்கத்தா ஓவியர் ஈஷானி, பன்னிரண்டு முகங்களை இரண்டாக அறுத்துக் கண்காட்சியில் தொங்கவிடுவேன் என்று வந்து நின்றபோது, "கண்ணில்லாம தர்றேன், என்னவோ பண்ணிக்கோங்க. கண் தொறந்ததுல ரம்பம் படக்கூடாது" என்று பேசி முடித்தவரும் இவர்தான்.

இப்போது ஈஷானி முற்றத்தில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகத்தையும் மல்லாத்தி வைத்து, நெற்றியில் ரம்பத்தை வைத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இழுத்தாள். பதினொன்று முடிந்துவிட்டது.

"ஹாராதன் அண்ணா, கடைசி எங்கே? வண்டிக்காரன் கத்துறான்."

அவர் மனைவி லதிகாதான் முகமூடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தாங்க தீதி. இந்த மனுஷன் கை சும்மா இருக்காது. வடிச்ச சோத்தைக் குடுத்தாலும் கண்ணு எழுதிடுவார்."

ஈஷானி சிரிக்கவில்லை. "நாளைக்குத் திறப்பு. பன்னிரண்டுக்கு அளந்து கம்பி மாட்டியாச்சு. கண்ணு மேல வெள்ளையடிச்சிடுங்க."

"அம்மாவைக் குருடாக்கச் சொல்றீங்களா?" என்றார் ஹாராதன்.

"அப்ப நானே அறுத்துக்கிறேன். தப்பு உங்களோடது. பதினொன்னோட போய் நின்னா என் மானம் போயிடும். அப்புறம் எந்த வேலைக்கும் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

தப்பு தன்னுடையதுதான். அதுதான் அவரைக் கொன்றது. தடுக்க வாயில்லை, பார்த்துக்கொண்டிருக்க நெஞ்சில்லை. லதிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈஷானி ரம்பத்தை எடுத்தாள். இந்த முறை பாட்டு இல்லை. முகமூடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து, பின்பக்கத்தில் ரம்பத்தை வைத்தாள்.

"தீதி," என்றார் ஹாராதன். "பதினொன்னையும் மல்லாத்தித்தானே அறுத்தீங்க. இதை மட்டும் ஏன் கவுத்தீங்க?"

ரம்பம் வைத்த இடத்திலேயே நின்றது. வெளியே வண்டிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். ஈஷானி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பதினொன்னோடயே போறேன். ஒரு கம்பி சும்மா தொங்கட்டும்," என்றாள். "இதை நீங்களே நிமிர்த்தி வைங்க, ஹாராதன் அண்ணா. என்னால முடியலை."