வீட்டின் மேல் ஒரு கோடு

"அந்தப் பலகையை எட்றா மொதல்ல, கால்ல மாட்டுது!" என்று பூபாலன் கத்தினான். அண்ணனின் தலைமாட்டைத் தாங்கியிருந்த அவனால் குனிந்து பார்க்க முடியவில்லை. நான்கு பேர் வேடியப்பனை வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். வாசற்படிமேல் சாய்வாகக் கிடந்த பலகையை யாரோ காலால் தள்ள, அது சறுக்கி வந்து நிவேதாவின் செருப்பில் இடித்து நின்றது.

அவள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். தோளில் காலேஜ் பை அப்படியே தொங்கியது. திருவண்ணாமலை ஹாஸ்டலுக்குக் காலையில் போன் செய்த பூபாலன் சித்தப்பா, "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, கெளம்பி வா பாப்பா" என்று மட்டும்தான் சொன்னான். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? தெரிந்துகொண்டேதான் போளூரில் பஸ் மாறினாள், தெரிந்துகொண்டேதான் மலையின் எல்லா வளைவுகளிலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவைப் பெஞ்சில் கிடத்தினார்கள். முகம் வெளுத்திருக்கவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து படுத்தவர் மாதிரி இருந்தார். "பாரு, உசுரோட கீற மாதிரியே கீறான் எந்தம்பி" என்று பூங்கோதை அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். பெஞ்சின் கால்மாட்டில் அம்மா சாந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். தங்கைக்கு ஆபரேஷன் என்று நான்கு நாள் முன்னால் கண்ணமங்கலம் போயிருந்தவள், விடியற்காலையில் யாருடைய வண்டியிலோ வந்து சேர்ந்திருந்தாள்.

"நெஞ்சடைப்பு" என்றான் பூபாலன், யாரும் கேட்காமலே. "நர்சம்மா வந்து கை புடிச்சுப் பாத்துட்டாங்க. தூக்கத்துலயே போயிருக்குது. நேத்து சாயங்காலம் கூட என்னாண்ட நல்லாத்தான் பேசிச்சு. நம்ம டெண்ட்டுல தங்க வந்த பசங்க மழைன்னு சீக்கிரமே கெளம்பிட்டானுங்க, கரி வேஸ்ட்டா போவுதேன்னு சொல்லிட்டு இருந்துச்சு."

கரி என்ற சொல்லைக் கேட்டதும் நிவேதா குனிந்து பலகையைப் பார்த்தாள். அதன்மேல் இரண்டு சக்கரத் தடங்கள் சாம்பலாகப் படிந்திருந்தன.

நிமிர்ந்து வீட்டுக்குள் பார்த்தாள். அரசாங்கத் திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் கட்டிய ஒற்றை அறைக் காங்கிரீட் வீடு. சிமெண்ட் தரையில், அப்பா படுத்த பாயின் பக்கத்திலிருந்து வாசல் வரை அதே இரண்டு கோடுகள். கதவு ஓரமாக, வெளியே, பார்பிக்யூ அடுப்பு நின்றது. நாலு கால், அதில் இரண்டுக்குச் சக்கரம், மேலே கம்பி வலை, கீழே சாம்பல் தட்டு. சுவரின் உச்சியிலிருந்த காற்றுத் துளைகளில் குளிருக்காகக் கோணிச் சாக்கு திணித்திருந்தது.

"அடுப்பு உள்ள இருந்துச்சா சித்தப்பா?"

"ஆமா. குளிருக்கு வெச்சுக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் கதவை நெம்பித் தொறந்ததும் வெளிய தள்ளினேன். ஏன்?"

"ஒண்ணும் இல்ல."

பூபாலனுக்கு அதில் கேட்க ஒன்றுமில்லைதான். இந்த மலையில் மார்கழி, தையில் நெருப்பில்லாமல் தூங்குகிற வீடு எது? பக்கத்தில் இன்னமும் நிற்கிற பழைய கூரை வீட்டில் நிவேதா பிறந்ததிலிருந்து அப்படித்தான் தூங்கியிருக்கிறாள். நடுவில் கட்டை கனன்றுகொண்டிருக்கும், சுற்றிலும் படுத்துக்கொள்வார்கள், புகை கூரைப் புல் வழியாகத் தன் பாட்டுக்கு வெளியேறும். புகை கண்ணைக் கரித்தால் யாராவது எழுந்து படலைத் திறப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த ஆபத்து. புகை வந்தால் ஆபத்து, வராவிட்டால் இல்லை.

பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். அங்கே குப்பையோரம் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அடைக்கோழி ஒன்று, அதன் ஒன்பது குஞ்சுகள், எல்லாம் கால் நீட்டிச் செத்துக் கிடந்தன. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்த அத்தை, "குளிருதேன்னு அதுங்களையும் உள்ள கவுத்து வெச்சிருந்தான் கண்ணு. எசமானோட அதுங்களும் கூடவே போயிடுச்சுங்க. ஏதோ காத்து வந்து அடிச்சிருக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

கோழிக்கும் நெஞ்சடைப்பா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நிவேதாவுக்கு மட்டும் தோன்றியது.

ஐப்பசியில்தான் அடுப்பு வாங்கினார்கள். ரோட்டோரம் இருந்த சாமை நிலத்தில் வேடியப்பன் மூன்று டெண்ட் போட்டிருந்தார். சனி, ஞாயிறில் அருவி பார்க்க பைக்கில் வருகிற பையன்கள் தங்குவார்கள். வருகிறவன் எல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, பார்பிக்யூ இருக்கா?" இல்லை என்றால் மேலே இருக்கிற இன்னொரு இடத்துக்குப் போய்விடுவார்கள். "அது இன்னா பெரிய வித்தை, கோழியக் கம்பில வெச்சுச் சுடுறது" என்று முதலில் சிரித்தவர், பிறகு தன் மூன்று கல் அடுப்பைப் பார்த்து அந்தப் பையன்கள் சிரிப்பதைக் கண்டு, மகளுக்குப் போன் செய்தார். "எனக்கு ஒண்ணும் புரியாது பாப்பா. நீ பாத்துச் சொல்லு, அதையே வாங்கிடுவோம்."

அவள் பார்த்தாள். ஒரு வாரம் வகுப்பில்கூட அதையேதான் பார்த்தாள். கேஸா, கரண்டா, கரியா, மூடி போட்டதா, மூடி இல்லாததா, நாலு பேருக்கா, எட்டுப் பேருக்கா என்று நோட்டில் எழுதி, முதன்முதலாக வாங்குகிறவர்களுக்குக் கரி அடுப்புதான் சுலபம் என்ற முடிவுக்கு வந்தாள். அப்பாவுடன் வேலூரில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் கேஸ் அடுப்பைத்தான் காட்டினார். "திருப்பினா எரியும், திருப்பினா அணையும்" என்றார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் ஆசை இருந்தது, திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நிவேதாதான் வேண்டாம் என்றாள். சிலிண்டர், டியூப் என்று அப்பா தனியாக இருக்கும்போது எதையாவது வெடித்துக்கொண்டால்?

"கரின்னா புகை வருமா பாப்பா? வர்ற பசங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கக் கூடாது."

"தேங்காத் தொட்டிக் கரிப்பா. நல்லா கனிஞ்சுட்டா புகையே வராது. சக்கரம் வெச்சதா எடுத்துக்கலாம், நீ ஒருத்தனாவே எங்க வேணா தள்ளிட்டுப் போலாம்."

வீட்டுக்கு வந்து திருகாணிகளை முடுக்கும்போது அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. இங்கிலீஷில் பொடி எழுத்து, ஓரத்தில் படங்கள். அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னா பாப்பா இது, வூடு ஒண்ணு போட்டு, உள்ள அடுப்பை வெச்சு, குறுக்கால கோடு அடிச்சிருக்கான்?"

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். படித்தாள். படித்ததுதான் கொடுமை. அடைத்த இடத்தில் வைக்கக் கூடாது, உயிர் போகும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. திறந்த வெளியில் வைக்கிற அடுப்பை யார் வீட்டுக்குள் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

"அதெல்லாம் எல்லாத்துலயும் சும்மா போடுறதுப்பா."

அவர் தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு இருக்கிற பாலிதீன் கவரில் பத்திரமாக வைத்தார். கடுதாசி எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை அவர்.

மூன்று மணிக்கு எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். அதுவரைக்கும் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். "நீ வூட்ல இருந்திருந்தா ஒரு வாய்த் தண்ணியாவது குடுத்திருப்பியே சாந்தா." அம்மா ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள். "நான் பாவி. குளுருல தனியா வுட்டுட்டுப் போய்ட்டேன். இருந்திருந்தா நெஞ்சத் தேய்ச்சு வுட்டிருப்பேன்" என்றாள்.

இல்லம்மா, இருந்திருந்தால் நீயும் போயிருப்பாய். நிவேதாவின் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அம்மாவின் பாரம் இறங்கும். ஆனால் அது இறங்கி எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டாள். இனி வாழ்நாள் முழுக்க இப்படியே மூடிக்கொண்டிருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அதற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புதைத்துவிட்டுத் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகிவிட்டு வந்திருந்தார்கள். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு வைத்து, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. அம்மாவின் பற்கள் குளிரில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பூபாலன் வந்தான். பலகையை மறுபடி படிமேல் போட்டிருந்தான். அடுப்பு சுலபமாக உருண்டு உள்ளே வந்தது. தட்டு நிறையக் கரி, ஓரமெல்லாம் வெளுத்து நடுவில் செக்கச் சிவந்து கனிந்திருந்தது.

"நவுருங்க, நவுருங்க. அண்ணி, நல்லா கிட்ட வாங்க, காய்ச்சலு வந்துடப் போவுது. ஒரு பொட்டுப் புகை வராது இதுல. நிவேதா பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தது, எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். இதமான சூடு பரவியது. யாரோ "அப்பாடா" என்றார்கள். குழந்தைக்காரி நெருப்புப் பக்கமாக நகர்ந்தாள். அம்மா இரண்டு கைகளையும் தணலை நோக்கி நீட்டினாள்.

நிவேதா எழுந்தாள். "வெளிய எடுங்க சித்தப்பா."

"ஏன் பாப்பா?"

"எடுங்கன்றேன்ல!" என்று அலறியபடி அவளே கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடியும் சூடாகத்தான் இருந்தது, விடவில்லை. ஒரு கங்கு தரையில் விழுந்து உருண்டது. தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து, அடுப்பை மழைக்குள் தள்ளிவிட்டாள். தணல் சீறி அடங்கியது.

"இன்னா வந்துச்சு இந்தப் பொண்ணுக்கு" என்றாள் அத்தை.

"நெஞ்சடைப்பு இல்ல அத்தை. அந்தக் கரிதான். புகை வராது, ஆனா அதுல வெசக் காத்து வரும். வாசனைகூட இருக்காது. கூரை வூட்ல அது வெளிய போயிடும், இங்க போவாது. கோழிங்க அதுலதான் செத்துச்சு. அப்பாவும் அதுலதான்." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தெரிந்தது. "அந்தத் தாள்லயே போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

அம்மா எழுந்து அலமாரியிலிருந்து பாலிதீன் கவரை எடுத்தாள். ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்த தாளைப் பிரித்து விளக்கடியில் பிடித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். வீட்டுப் படத்தின்மேல் இருந்த கோட்டை விரலால் மெல்லத் தடவினாள்.

"இதை அவரு பாத்தாரா?"

"பாத்தாரும்மா."

"ஒன்னாண்ட கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

நிவேதா சொன்னாள். சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள்.

அம்மா தாளை அதே நான்கு மடிப்பில் மடித்துக் கவருக்குள் வைத்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள். ஒரு குச்சியை எடுத்து, காற்றுத் துளைகளில் திணித்திருந்த சாக்கை ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டார்கள்.

பிறகு அம்மா ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து மண்டி போட்டு உட்கார்ந்தாள். விளக்கின் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, தரையிலிருந்த சக்கரத் தடங்களைத் துடைக்கத் தொடங்கினாள். காலையில் பதிந்ததும் இப்போது பதிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொரு முழமாகத் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வாசற்படியை நெருங்கினாள். அங்கே, பொத்துப்போன கைகளைத் தொங்கவிட்டபடி, கோடுகளின் மேலேயே நிவேதா நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா தலையைத் தூக்கவில்லை.

"காலை எடு" என்றாள்.

நிவேதா எடுத்தாள். அந்த இடத்தையும் துடைத்துவிட்டு, அம்மா அடுத்த கோட்டுக்குத் துணியைப் பிழிந்தாள்.