உள்ளங்கைக் கடை

புத்தாண்டு பிறக்கும்போது பன்னிரண்டு திராட்சைப் பழங்களைத் தின்று, பழத்துக்கு ஒன்றாக வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மற்றவர்கள் ஆரோக்கியம், பிரயாணம், நல்ல மருமகன் என்று கேட்பார்கள். நான் இந்த வருஷம் பழைய சாமான் வியாபாரத்துக்காக வேண்டிக்கொண்டேன். ஆனால் அரான்சிபியா குடும்பத்தில் பிறந்தவன் ஆயிற்றே, என் வேண்டுதல்களில் முக்கால்வாசி எதையெல்லாம் செய்ய மாட்டேன் என்பதைப் பற்றியே இருந்தன.

பரிதாபப்பட்டு எந்தச் சாமானையும் வாங்க மாட்டேன். போன வருஷம் அப்படித்தான் ஒரு பாரோமீட்டரை வாங்கினேன். பித்தளை விளிம்பும் கண்ணாடியுமாக அழகாகத்தான் இருந்தது. கடலோர ஊருக்காகச் செய்யப்பட்டது. எங்கள் மலை உயரத்தில் காற்று லேசு என்பதால், வெயில் கொளுத்தினாலும் அதன் முள் 'புயல்' என்ற எழுத்தை விட்டு அசையாது. அது யாருமே திரும்பிப் பார்க்காமல் கிடந்தது. நானும் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வாங்கிவிட்டேன்.

அடுத்து, கூவி விற்க மாட்டேன். யாரையும் 'கசேரா' என்று கூப்பிட மாட்டேன். எங்கள் சந்தைகளில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள், ஆணாக இருந்தால் கசேரோ. வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவை வந்துவிட்டால் இரண்டு பேரும் ஏறக்குறைய சொந்தக்காரர்கள். பிறகு விலையைக் குறைக்காமல் தப்ப முடியாது. கடைசியில் கையில் ஏதாவது ஒன்றை இனாமாக வைத்தும் அனுப்ப வேண்டும். அந்த இனாமுக்கு யாப்பா என்று பெயர். அதையும் கொடுப்பதில்லை என்று வேண்டிக்கொண்டேன். பத்திரப்பதிவு வழக்கறிஞராக இருந்த காலத்தில் நான் அமைச்சருக்குக்கூட இனாமாக ஒரு முத்திரை குத்தியதில்லை.

இந்த விஷயம் அக்கா ஹோர்த்தென்சியாவின் காதுக்குப் போகக் கூடாது என்பது அதற்கடுத்த பழம்.

செய்ய வேண்டும் என்று கேட்டது ஒன்றே ஒன்று. எல் ஆல்ட்டோ சந்தையில் எனக்கென்று ஒரு நிரந்தர இடம் வேண்டும். அதைக் கேட்டு முடிப்பதற்குள் மிச்சப் பழமெல்லாம் வாய்க்குள் சேர்ந்து மூச்சு அடைத்துவிட்டது. அக்கா என் முதுகில் நாலு அறை அறைந்தாள்.

"பேராசை. மெதுவா முழுங்கு எவரிஸ்டோ. அப்பா ஒரு பழம் முழுங்கினா சத்தம் கேட்டிருக்கா?"

அக்காவும் நானும் லா பாஸ் நகரத்தில் சொப்போகாச்சிப் பகுதியில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். வரவேற்பறைக் கூரை ஒழுகும். ஒழுகும் தண்ணீர் சரவிளக்கு வழியாக இறங்கி வாளியில் விழும். விருந்தாளிகள் வந்தால் அதை நீரூற்று என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்தச் சரவிளக்கைத்தான் முதலில் விற்றேன். வாங்கியவன் அடுத்த தெருமுனையிலேயே, என் கண் முன்னால், அதை இரண்டு மடங்கு விலைக்கு விற்றான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

அன்றிலிருந்து வியாழன், ஞாயிறுகளில் கோட்டும் டையும் அணிந்து கேபிள் கார் ஏறி, ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எல் ஆல்ட்டோ போகிறேன். பழம்பொருள்களை மதிப்பிடப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது முழுப் பொய்யும் அல்ல. தரையில் ஒரு போர்வையை விரித்து, பாரோமீட்டர், ராணி இல்லாத சதுரங்கம், ஒரு பெட்டி நிறைய இடது கைக் கையுறைகள் இவற்றை அடுக்கிவைத்து, மாலை வரை அவற்றை மதிப்பிட்டுக்கொண்டு நிற்பேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒருவர் வந்து பாரோமீட்டரைக் கையில் எடுத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, மரியாதையாக என்னிடமே கேட்டார்.

"இத விக்கிறவரு எங்க போயிருக்காரு சார்?"

"சாப்பிடப் போயிருக்கார்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நானும் அவரோடு சேர்ந்து காத்திருந்தேன். பிறகு அவர் போய்விட்டார்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வரிசை வியாபாரிகள் சங்கத்தின் தலைவி டோன்யா பசிலியா சுகீமியா. வட்டத் தொப்பி, அடுக்கடுக்கான பாவாடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வரிசை முழுவதையும் ஆள்பவர். படித்தவர்கள் எல்லாரும் அவருக்கு டாக்டர்தான்.

"ஏன் டாக்டரே, நீங்க எப்பத் திரும்பி வருவீங்க சாப்பிட்டுட்டு?"

"அந்த ஆள் கேட்ட தொனி சரியில்லை."

"தொனியா? தொனி பாத்து விக்கிறதுக்கு நீங்க என்ன பழைய சாமானா விக்கிறீங்க, பாவமன்னிப்பா?"

மூலையில் தகரக் கூரையோடு ஓர் இடம் காலியாகியிருந்தது. அதில் இருந்தவர் சாந்தா க்ரூஸில் மகனிடம் போய்விட்டார். அந்த இடத்தைப் பற்றி டோன்யா பசிலியாவிடம் கேட்க இதுதான் தருணம் என்று எனக்குத் தோன்றியது. என் சாமர்த்தியம் அவ்வளவு.

"அதுக்கு ரெண்டு பேரு கேக்குறீங்க" என்றார் டோன்யா பசிலியா. "நீங்க ஒண்ணு, அந்தச் சட்டி விக்கிறவ ஒண்ணு. அவ தொண்டை இருக்கே, மேல கேபிள் கார்ல போறவனக் கீழ எறக்கிப்புடும். நீங்க கொட்டாவி விட்டாலே கையால மூடிக்கிறீங்க. கூரைக்குக் கீழ ஒரு வியாபாரி நிக்கணும் டாக்டரே. சிலை நிக்கிறதுக்கு ஊருல பூங்கா இருக்கு."

நான் டையைச் சரிசெய்துகொண்டேன்.

அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. "சரி, ஒண்ணு பண்ணுங்க. அலசித்தா வருதுல்ல. குட்டிக் கடை ஒண்ணு வாங்கி, புகை காட்டி, உச்சிப் பொழுதுல எங்கிட்ட கொண்டாங்க. எகேக்கோ சாமி உங்களுக்குக் கடை தர்றதா இருந்தா நான் யாரு குறுக்க நிக்க?"

அலசித்தா என்பது செல்வம் தரும் எகேக்கோ சாமியின் திருவிழா, ஜனவரி இருபத்து நான்காம் தேதி வரும். அந்த வருஷத்தில் எது வேண்டுமோ அதன் சின்ன உருவத்தை வாங்கி, நடுப்பகல் மணி அடிக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டும். பூசாரி அதற்குப் புகை காட்டுவார். வருஷம் முடிவதற்குள் அது பெரிதாக வந்து சேரும். வீடு, லாரி, பட்டச் சான்றிதழ், சிமென்ட் மூட்டை, கத்தை கத்தையாகப் பொம்மைப் பணம் எல்லாம் நகக்கண் அளவில் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் இதை நம்புவதில்லை. ஒரு வருஷமும் போகாமல் இருந்ததும் இல்லை.

அன்றைக்கு அக்காவும் கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வேடிக்கை பார்க்கத்தானாம். முதல் வரிசையிலேயே தீப்பெட்டி அளவில் ஒரு பயணப் பெட்டி வாங்கினாள். தோல் வார், பித்தளைப் பூட்டு எல்லாம் இருந்தது.

"சமையக்காரி பொண்ணுக்கு" என்றாள்.

நான் நான்கு கடை தள்ளி எனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை போட்ட குட்டிப் பழைய துணிக்கடை. உள்ளே விரல் நகம் போன்ற கோட்டுகள், உளுந்து போன்ற சப்பாத்துகள். அக்கா பக்கத்தில் இருந்ததால் பேரம் பேசாமல் வாங்கினேன்.

"வாசல் காவக்காரனுக்கு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

பூசாரியின் முன்னால் கூட்டம் நெருக்கியது. மணி அடிக்கச் சில நிமிஷங்கள்தான் இருந்தன. எங்களுக்கு முன்னால், தோள்களுக்கு மேலே டோன்யா பசிலியாவின் தொப்பி தெரிந்தது. அவர் திரும்பி, என் உள்ளங்கையிலிருந்த கடையைப் பார்த்துத் தலையசைத்தார். இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். இனி அக்காவுக்குத் தெரியாமல் அதை அவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது மூச்சிரைக்க ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முன்கட்டுத் துணியில் மாவு ஒட்டியிருந்தது.

"ஐயா, இந்தக் கடைய எங்க வாங்குனீங்க?"

"அந்தப் பக்கம்."

"அங்க தீந்து போச்சுங்க. எல்லாப் பக்கமும் தீந்து போச்சு. இத எனக்குக் குடுத்துருங்களேன். என்ன வேணும் சொல்லுங்க."

விற்பனைக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொற்கள். ஆனால் அவள் கண்கள் என் முகத்துக்கும் கடைக்கும் போய்ப் போய் வந்ததை நான் கவனித்துவிட்டேன். இத்தனை மாதங்களாகப் போர்வை ஓரத்தில் நான் காத்துக்கிடந்த பார்வை அது. அதைப் பார்த்தவுடன் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"இது சாதாரணக் கடை இல்லம்மா. கூரையப் பாருங்க. அசல் தகரம்" என்று சொல்லி, நான் கொடுத்ததுபோல் மூன்று மடங்கு விலையையும் சொன்னேன்.

"தகரமா? சிகரெட் பொட்டிப் பேப்பரு."

"மின்னுதா இல்லையா?"

"பாதி தர்றேன்."

"பாதிக்குக் கூரைய மட்டும் எடுத்துக்குங்க. கீழ நான் நனஞ்சுக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் உதட்டைச் சுழித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள். மூன்றாவது ஆளைத் தாண்டினால் போய்விடுவாள்.

"கசேரா" என்றேன். இல்லை, கத்தினேன். "எங்க போறீங்க கசேரா, திரும்பி வாங்க. மொதப் போணி உங்க கையால ஆகட்டும். உங்களுக்காக ரெண்டு மடங்குக்குத் தர்றேன்."

பூசாரியே தூபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நோட்டை நீட்டி, கடையை வாங்கிக்கொண்டு, கையை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

"யாப்பா என்ன கசேரோ?"

என் கை பக்கத்தில் துழாவியது. ஏதோ அகப்பட்டது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தாங்க. கடைல சம்பாதிச்சு ஊரச் சுத்திப் பாருங்க."

மணி அடித்தது.

சதுக்கம் முழுவதும் கைகள் உயர்ந்தன. வீடுகள், லாரிகள், பொம்மைப் பணக் கட்டுகள். என் கையும் உயர்ந்தது. அதில் ஒரு நிஜ நோட்டு இருந்தது. பக்கத்தில் அக்காவின் கையுறை வெறுமையாக உயர்ந்திருந்தது. பூசாரி வித்தியாசம் பார்க்காமல் எங்கள் இருவருக்கும் புகை காட்டி, சாராயம் தெளித்து, என் டையில் பூவிதழ்களைத் தூவினார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. அந்தப் பெண்ணைத் தேடினேன். கூட்டம் அவளை விழுங்கியிருந்தது. வருஷம் முழுவதற்குமாக நான் கேட்ட ஒரே வரத்தை, சாமி அதைப் பார்ப்பதற்கு முன்பே, லாபத்துக்கு விற்றிருந்தேன்.

டோன்யா பசிலியா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கடைய எங்க டாக்டரே?"

"வித்துட்டேன்." தொப்பியைக் கழற்றினேன். "எடத்த அந்தச் சட்டிக்காரம்மாவுக்கே குடுத்துருங்க. அவங்களாவது வாங்கினத வச்சிருப்பாங்க."

"ஆமா, அவ நல்ல பிள்ளையா வாங்கி மடில முடிஞ்சு வச்சிருக்கா." அவருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "எங்கம்மா காலத்துல இருந்து அலசித்தாவுக்கு வர்றேன். வேண்டுதலையே வித்துக் காசாக்கின ஆள நான் பாத்ததே இல்ல. எகேக்கோவே இன்னைக்கு உங்ககிட்ட விலை கேட்டிருப்பாரு. எடம் உங்களுக்குத்தான். ஆனா அந்தக் குரலு வியாழக்கிழமையும் வரணும். சாப்பிடப் போயிடக் கூடாது." பிறகு பக்கத்தில் பார்த்தார். "இந்தம்மா யாரு?"

நான் பதில் தேடுவதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"ஹோர்த்தென்சியா அரான்சிபியா. இவனோட அக்கா. வியாழக்கிழமை என்ன குரல்?"

டோன்யா பசிலியா எல்லாவற்றையும் சொன்னார். போர்வை, கையுறைப் பெட்டி, சாப்பிடப் போன வியாபாரி, எதையும் விடவில்லை. நான் என் சப்பாத்தில் ஒட்டியிருந்த ஓர் இதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, தாத்தா, சூக்ரே நகரத்தில் எங்கள் பெயரில் இருக்கும் தெரு எல்லாம் இனி அக்கா வாயிலிருந்து வரிசையாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு மடங்குதானா?" என்றாள் அக்கா.

"என்ன?"

"அவ கண்ணு முழுக்க அதுமேலதான் இருந்துச்சு. மூணுலயே நின்னிருக்கணும். ரெண்டுக்கு எறங்கிட்ட. அதுவும் போகட்டும். எம் பொட்டியத் தூக்கி இனாமாக் குடுத்துட்டியே."

"அது சமையக்காரி பொண்ணுக்குன்னு சொன்னியே அக்கா."

"சமையக்காரி பொண்ணு எதுக்குடா வாலென்சியா போகணும்?"

அக்காவின் மகள் ஸ்பெயினில் வாலென்சியாவில் இருக்கிறாள். பேத்தி பிறந்து அக்கா இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் சமையற்காரியின் பெண்ணுக்கென்று ஒரு பெட்டி வாங்கியது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகி வெகு காலம் ஆகிவிட்டது.

வீடு திரும்பினோம். வாசலில் கையுறையைக் கழற்றும்போது அக்கா சொன்னாள்.

"எம் பொட்டிய நீ குடுத்த. என்னை நீதான் அனுப்பி வைக்கணும்."

இப்போது மூலையில் தகரக் கூரையின் கீழ் இரண்டு பேர் இருக்கிறோம். அக்கா மடக்கு நாற்காலியில், தொப்பியும் கையுறையுமாக. அவள் யாரையும் கசேரா என்று சொல்வதில்லை. நான் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் யாப்பாவுக்கென்று என் கை எதையாவது தேடினால் உடனே இருமுகிறாள். ஒவ்வொரு இருமலும் அவளை வாலென்சியாவுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறது என்பது அவள் கணக்கு. திராட்சைப் பழத்தில் செய்ய மாட்டேன் என்று நான் வேண்டியவற்றில் இனாம் பற்றிய ஒன்றுதான் இப்படி நிறைவேறிக்கொண்டிருக்கிறது, அதுவும் என்னால் அல்ல.

போன வியாழக்கிழமை அதே மனிதர் திரும்பி வந்தார். பாரோமீட்டரை எடுத்து, பழையபடி சுற்றிலும் பார்த்தார்.

"இத விக்கிறவரு இன்னைக்காவது இருக்காரா சார்?"

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கையுறை போட்ட விரலை என் பக்கம் நீட்டினாள்.

"இவன்தான். எங்க வீட்டுப் பையன்."

எழுபத்தோரு வயதில் நான் நிமிர்ந்து நின்றேன். அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் வழக்கம்போல் புயலில் நின்றது. பழுதா என்று கேட்க வாயெடுத்தார். அந்த நேரத்தில் தகரத்தின் மேல் ஆலங்கட்டி மழை சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது. அவர் கூரையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான் காட்டுது கசேரோ" என்றேன்.

விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். அக்கா இருமவில்லை.