ஆபீஸில் சொல்லியாயிற்று

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. எஸ்டேட்டில் வேலைக்கு முன் ஆள் எண்ணும் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. மலையாளியான ஃபீல்டு ஆபீசர் ஜோபி பேர் சொல்லி அழைக்க, கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துவிட்டு மலையேறினார்கள். மாரீஸ்வரி மட்டும் நகராமல் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர நேத்துச் சாயங்காலம் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாக சார். மலைக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்ல ஏலக்காய் மூட்டை காணோமாம். போன மாசம் லீவு நாள்ல அவுக அங்க சுமக்கப் போனாகள்ல, அதான் சந்தேகமாம். என்னயப் பாக்க விடல."

"ஈஸ்வரனையா? சரி, நான் ஸ்டேஷன்ல விளிச்சுப் பேசிக்கிறேன். நீ வெளியே ஆரையும் போயிப் பாக்காதே. பிரஸ்னம் பெருசாகும்."

மாரீஸ்வரி கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். எஸ்டேட்டில் அப்படித்தான். பிள்ளை பிறந்தாலும் ஆபீஸ், கூரை ஒழுகினாலும் ஆபீஸ், ஆள் செத்தால்கூட முதல் தகவல் ஆபீசுக்குத்தான். நாலு தலைமுறையாக ஊறிப்போன பழக்கம். ஆபீஸில் சொல்லியாயிற்று என்றால் பாதிக் கவலை இறங்கிவிடும்.

பக்கத்து வீட்டு அழகுத்தாய்தான் மத்தியானம் கேட்டாள். "தாலுகா கோர்ட்டுல நம்மள மாதிரி ஆளுகளுக்கு இலவசமா வக்கீல் வச்சிருக்காகளாம்டி. ஒரு எட்டு போய்ட்டு வருவமா?"

"வேணாங்கா. சார் பேசறேன்னுட்டாரு. நாம போனது தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு."

ஜோபி கெட்டவர் இல்லை. அன்றைக்கென்று கம்பெனியின் பெரிய அதிகாரிகள் தோட்டத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் ஸ்டேஷனுக்குப் பேச மறந்துபோனார். ஒரு மனிதன் பூட்டுக்குள் கிடப்பதை மறக்க முடியுமா என்று கேட்காதீர்கள். கிடப்பவன் நம் வீட்டு ஆள் இல்லையென்றால் அது மிகச் சுலபம்.

செவ்வாயும் புதனும் மாரீஸ்வரி தூக்குவாளியில் சோறு கொண்டுபோனாள். வாசலில் வாங்கிக்கொண்டார்கள். வாளி காலியாகத் திரும்பி வந்தது. மனுசன் சாப்பிட்டாரே என்று அவளுக்கு ஓர் ஆறுதல்.

வியாழக்கிழமை மூட்டைகள் கிடைத்துவிட்டன. யாரும் திருடவில்லை, லாரிக்காரர் வேறு ஸ்டோரில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஈஸ்வரனை, "போய்க்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது.

"கொடுத்தனுப்புன சோத்தத் தின்னீகளா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

"சோறா?" என்றான் ஈஸ்வரன்.

எலும்பு கூடிவிடும், ஆனால் நரம்பு போய்விட்டது, விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுவதில் அந்தத் தோட்டத்திலேயே அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கைக்கு இனிமேல் சோற்றைப் பிசையவும் வராது.

பிறகுதான் இருவரும் அழகுத்தாயோடு தாலுகா கோர்ட்டுக்குப் போனார்கள். மௌனிகா என்ற இளம் வக்கீல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"கையில எப்ப அடிச்சாங்க அண்ணா?"

"புதன்கெழம காலைல."

மௌனிகா மாரீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "பிடிச்ச இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தியாகணும் அக்கா. அரசியல் சட்டத்துலயே இருக்கு. மாநில எல்லை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இதுதான், இந்தப் பக்கமும் இதுதான். டெல்லி சர்க்காரே ஆனாலும் அதை மீற முடியாது. நீங்க செவ்வாய்க்கிழமை இங்க வந்திருந்தா, அன்னிக்கே கோர்ட்டுல கேட்டிருப்பேன்."

மாரீஸ்வரி விரல் விட்டு எண்ணினாள். திங்கள் சாயங்காலம் பிடித்தார்கள். செவ்வாய் சாயங்காலத்தோடு கெடு முடிந்தது. புதன் காலையில் கை போனது. எண்ணிய விரலை மடக்கக்கூட முடியாமல் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஈஸ்வரன் இடது கையால் அவள் தோளைத் தொட்டான். அவன் அவளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மௌனிகா எழுதிய புகார் போன செய்தி மறுநாளே எஸ்டேட்டுக்கு எட்டிவிட்டது. ஜோபி அவர்களுடைய லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"போலீஸ் மேலே கேஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாரீஸ்வரி."

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஈஸ்வரனுக்கு அவள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சொன்னேனே சார். செவ்வாக்கெழம பெரட்டுல நின்னு சொன்னேன். போலீஸ் கைக்கு இம்புட்டுதான்னு எல்லை போட்டு எழுதி வச்சிருக்காக. அத அவுக தாண்டுனா கேக்குற உரிமை எனக்கும் இருந்துச்சு. உரிமைய யாருகிட்டயும் அனுமதி கேட்டு வாங்க வேண்டியதில்ல சார். நான் கேட்டுட்டுக் காத்திருந்தேன் பாருங்க, அதுலதான் எம் புருசன் கை போச்சு."