இருநூற்று முப்பது கிலோ

பயணம் போகலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். இதை லேப்காரர் இப்போது யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார். நினைவில் இருக்க வேண்டிய நேரத்தில்தான் அவருக்கு அது மறந்துபோயிருந்தது.

அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பிள்ளைகளுக்கு அவள் வேனக்கா. இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மகள் மேல்படிப்புக்காக வெளியூர் போன வருஷம், பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகவும் கோடையில் சேர்ந்தாற்போல் மூன்று மாதம் விடுமுறை என்றும் சொன்னார்கள்.

"இந்த மாதிரி லீவு இனிமே ஜென்மத்துக்கும் வராதுங்க. ஒரு பைக் வாங்கிட்டு மூணு நாடு தாண்டிப் போயிட்டு வருவோமா? பாதி தூரம் நீங்க, பாதி தூரம் நான்" என்றாள் அவள்.

அவருக்கும் ஆசை பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் மாதக்கணக்கில் வண்டிகளைப் பற்றிப் படித்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவர் இவ்வளவு விசாரித்ததில்லை என்று மச்சினன் கிண்டலடித்தான். கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனார்கள்.

சின்ன வண்டி மண்பாதைக்கென்றே செய்தது. வேனக்கா அதில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. "லேசா இருக்குங்க. விழுந்தாலும் நாமளே தூக்கிடலாம். ரிப்பேர்னா எந்தக் குக்கிராமத்துலயும் பார்த்துடுவாங்க."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் அவர் அதற்குள் பெரிய வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். இருநூற்று முப்பது கிலோ. காளையின் திமில் மாதிரி டேங்க், இருபுறமும் அலுமினியப் பெட்டிகள்.

"சார் ஹைட்டுக்கு இதுதான் சார் பொருத்தம். அந்தச் சின்னதுல நீங்க உக்காந்தா, சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கும்" என்றான் விற்பனைப் பையன்.

லேப்காரருக்கு வாயெல்லாம் பல்.

"எனக்குக் கால் எட்டாதுங்களே" என்றாள் அவள்.

"நீ எப்படியும் பின்னாடிதானே உக்காரப் போற?"

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. விற்பனைப் பையன் வேறு சிரித்துவைத்தான். அவள் சின்ன வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இறங்கி, "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த வாரம் அவளும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் திரும்பும்போது சாய்ந்தது, பிடிக்க முடியவில்லை. சத்தம் கேட்டு மூன்று மாடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மச்சினன் வீட்டு விருந்தில் லேப்காரர் இதை நடித்தே காட்டினார். வண்டி எப்படிச் சாய்ந்தது, அவள் எப்படி முழித்தாள், எல்லாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடு திரும்பியதும், "நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு முதுகு ஒத்துக்காது" என்றாள்.

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தார். மூன்றாம் நாள், பின்சீட் காலியாக இருந்தால் இன்னொரு பை கட்டலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால்தான் இப்போதும் அவருக்கு நெஞ்சு கூசுகிறது.

புறப்பட்ட பதினோராம் நாள், இரண்டாவது எல்லையைத் தாண்டிய ஒரு மணல் பாதையில் வண்டி வலப்பக்கமாகப் படுத்துவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் வண்டி அசையவில்லை. மூச்சுப்பிடித்து இழுத்தார், தள்ளினார், திட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், மனைவிக்குப் போன் போட்டார்.

"அடி கிடி பட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்ல. தூக்கத்தான் முடியல."

"இஞ்சினை ஆஃப் பண்ணிட்டீங்களா? கியர்ல போடுங்க. சைடு ஸ்டாண்டை இப்பவே நீட்டி வச்சுடுங்க. ஹேண்டிலைத் தரைப் பக்கமா முழுசா மடக்குங்க. இப்போ வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டுல இடுப்பை முட்டுக் குடுங்க. கையால இழுக்காதீங்க. காலை ஊன்றி, சின்னச் சின்ன அடியா பின்னாடி நடங்க."

போனைப் பையில் செருகிக்கொண்டு அப்படியே செய்தார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை வண்டி எழுந்து நின்றது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினார். பிறகுதான் உறைத்தது. "உனக்கு எப்படி இதெல்லாம்?"



"நீங்க வேலைக்குப் போனப்புறம் வாட்ச்மேனைத் துணைக்கு வச்சுக்கிட்டுப் பழகினேன். கீழே பழைய மெத்தையைப் போட்டு வண்டியைப் படுக்க வைக்கிறது, தூக்கறது. ஒரு மாசம். ஒரு பக்கம் சரிஞ்சு உக்காந்தா ஒத்தைக் காலாவது எட்டுதுன்னும் கண்டுபிடிச்சேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"அன்னிக்குத் தம்பி வீட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வண்டியைத் திருப்பினார்.

ஊருக்கு வந்து அந்த மாதமே பெரிய வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டுச் சின்னதை வாங்கினார். கீழே அழைத்துப் போய்க் காட்டினார். அவள் சீட்டைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள்.

"லீவு இன்னும் ஒரு மாசம் இருக்கே. நாளைக்கே கிளம்பலாம். நீயே ஓட்டு, முழு தூரமும்."

"வேணாங்க."

"கோபமா இருந்தா திட்டிடு. வாங்கிக்கறேன்."

"கோபமெல்லாம் அப்பவே போச்சு. நீங்க திரும்பி வர்றேன்னு சொன்னதுலேர்ந்து, அந்த ஆசை இருக்கான்னு எனக்குள்ளயே தேடிப் பார்க்கறேன். காணோம். பொய் சொல்லிக் கிளம்ப மனசு வரல."

கோபத்தைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரியும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது கைவந்த வேலை. இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டார். "விடுங்க, நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன்" என்றாள். நிஜமாகவே மன்னித்திருந்தாள். மகளுக்குப் போன் பேசும் நேரமாகிவிட்டது என்று அவள் மாடிக்குப் போனாள். அவர் வண்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, உறையை இழுத்து மூடினார்.