எடை லாரியின் ஹாரன்

தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை பொன்னுத்துரை ஒரு சொல்கூடப் பேசாமல் நாற்பது பெண்களை மேட்டுக்கும் ஒரு யானையைக் கர்நாடகத்துக்கும் அனுப்பி வைத்தவர். ஓய்வு பெற்றபின் நடுவட்டம் டீக்கடையில் அவர் இதைச் சொல்லாத நாளில்லை.

"யானையாவது பூனையாவது! எடைக்குக் கூப்பிட்டாரு, போனோம்" என்பாள் கருப்பம்மாள். அன்று கொழுந்து பறித்த அந்தப் பெண்களை மேற்பார்த்த கங்காணி அவள்தான்.

தேயிலை விலை பாதாளத்தில் கிடந்த வருடம். யானைக் காவலுக்கு இருந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் எடை லாரி டிரைவர் செல்லையா ஆபீசுக்குள் ஓடி வந்தான்.

"ஐயா, ஓடைப் பாதையில ஒத்தை யானை நிக்குது!"

பொன்னுத்துரை கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டிலிருந்து பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு அந்தப் பாதையில்தான் எல்லாரும் இறங்குவார்கள். பனியோ, முன்னால் போகிறவளின் முதுகைக்கூடக் காட்டாது.

செல்லையா சாப்பாட்டுச் சங்கின் சுவிட்சில் கை வைத்தான். பொன்னுத்துரை பாய்ந்து பிடித்தார்.

"கிறுக்கா! சங்கு கேட்டா சோத்துக்குன்னு இறங்கிருவாங்கடா. நேரா அது காலடிக்கு!"

"அப்ப நான் ஓடிப்போய்ச் சொல்லட்டுமா?"

"அதைத் தாண்டியா?"

போன் வசதி மானேஜர் துரையின் பங்களாவோடு சரி. கத்தினால் பனி விழுங்கிவிடும். அவர் நெற்றியில் வழிந்த வேர்வையில் பத்துப் பேருக்கு டீ போட்டிருக்கலாம்.

"லாரியை எடு. மேல் ரோட்டுக்கு!"

கொழுந்தை எடை போட லாரி மேல் ரோட்டில் நின்றுதான் ஹாரன் அடிக்கும். அந்த வருடம் பாக்டரி பாதி இலையைத்தான் வாங்கியது. எடைக்குப் பிந்தியவள் பறித்த கொழுந்தைக் கொட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். பசியைப் பொறுப்பார்கள், எடை ஹாரனைப் பொறுக்கமாட்டார்கள்.

மேல் வளைவில் பொன்னுத்துரை ஹாரனை அழுத்தினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எதுவும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். பனிக்குள்ளிருந்து ஒரு தலை தெரிந்தது, பிறகு நாலு, பிறகு கூட்டம். எண்ணினார். முப்பத்தொன்பது.

கருப்பம்மாளைக் காணோம்.

கை மரத்துப்போகும்வரை அழுத்தினார். கடைசியில் அவள் வந்தாள், லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் கடையில் புதிதாக வந்த கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் இதைக் கேட்டு, "ஏனுங்க, புளுகுக்கும் ஒரு அளவு வேணாமுங்களா?" என்றார். கடையே சிரித்தது. பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

கருப்பம்மாள் எழுந்தாள்.

"சிரிக்காதீங்க. வெந்நி வைக்க நான் முன்னாடியே இறங்கிட்டேன். பனியில பாறைன்னு நெனைச்சுக் கையை ஊணப் போனேன். பாறை மூச்சு விட்டுச்சு. அப்பத்தான் ஹாரன் அடிச்சுச்சு. அது கர்நாடகக் காட்டுப் பக்கம் திரும்புச்சு, நான் இந்தப் பக்கம் ஓடினேன். ஆளுங்களை அந்தப் பாதையில இறங்கச் சொன்ன கங்காணி நானு. யானையைப் பாத்தேன்னு எந்த வாயால சொல்றது? அதான் இத்தனை வருசமா இல்லேன்னேன். நடந்தது நெசந்தான்."