இறக்கை முளைத்த கழுதை

ஞானராஜ் பெற்ற மகளை நூலகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சோறு தின்னப் போனார். வேண்டுமென்றே செய்திருந்தால் கொடுமைக்காரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். அந்த யோக்கியதையும் அவருக்கு இல்லை. மறந்துபோய்ச் செய்தார்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. சேலம் ரோட்டோரம் வாடகைக் கட்டடத்தில் இருந்த கிளை நூலகத்துக்கு அவர்தான் நூலகர், பெருக்குகிறவரும் அவர்தான். மதியச் சோற்றுக்கு மூடினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார். தர்மபுரியிலிருந்து புதுப் புத்தகக் கட்டு வந்தால், சிறுவர் புத்தகங்களை முதலில் அவர் படித்துவிடுவார். பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று சோதிக்கிறாராம். அப்படி ஒரு சட்டத்தை எந்த அரசாங்கமும் போடவில்லை. நாற்பது வயதில் பூதக் கதை படிக்க ஒரு மனிதனுக்கு ஏதாவது சாக்கு வேண்டுமே!

அன்றைய கட்டில் ஒரு குயவனின் கதை இருந்தது. இறக்கை முளைத்த கழுதை மேல் ஏறி, பூதத்தின் கோட்டையில் அடைபட்ட இளவரசியைத் தேடிப் போகிறான். ஐந்தாவது படிக்கும் மகள் ராஜமேரி அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். சோதித்துவிட்டுத் தருகிறேன் என்றார். அவள் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். இவர் படித்துக்கொண்டே எழுந்தார், படித்துக்கொண்டே பூட்டினார், படித்துக்கொண்டே நடந்தார். புள்ள எங்கே என்று மனைவி ரோசம்மா கேட்டதற்கு, கண்ணை எடுக்காமல் வருவாள் என்றார். மாதா கோயிலுக்கு ஞானோபதேசம் படிக்கப் போயிருப்பாள் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தால், அவருடைய நாற்காலியில் ராஜமேரி. ஜன்னல் திறந்தே இருந்தது. எதிரிலேயே பச்சியப்பன் டீக்கடை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். தண்ணி வேணும் என்றாள். அது பதில் இல்லை.

சாயங்காலம் ரோசம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"யாரோ ராசா வூட்டுப் பொண்ணப் பூதம் அடச்சி வெச்சதுக்கு அந்தத் துடி துடிச்சீங்களே, நம்ம பொண்ண அடச்சி வெச்ச பூதம் யாருங்க?"

தப்பு தன்மேல் என்று தெரிந்தவனுக்கு வருகிற கோபத்துக்குக் கண்மண் தெரியாது. ஞானராஜுக்குப் பூட்டின்மேல் கோபம், பீரோவின்மேல் கோபம், குயவன்மேல்கூடக் கோபம். மறுநாள் பூசை முடிந்து வந்தவரைப் பச்சியப்பன் வேறு பிடித்துக்கொண்டார். ஜன்னலில் பிள்ளையைப் பார்த்தாராம், சாரும் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாராம்.

"இனிமே பூட்றதுக்கு முன்ன வூட்டம்மா உள்ளாற இருக்காங்களான்னும் பாத்துக்கங்க சார்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

பிள்ளை கத்தியிருந்தால் இத்தனை பேச்சு உண்டா? ஏன் கத்தவில்லை? கேட்டபோதெல்லாம் ராஜமேரி வேறு ஏதோ சொன்னாள். தலைவலி என்றாள், பாவாடை கிழிந்துவிட்டது என்றாள். புத்தகத்தை மட்டும் தொடவில்லை. தினம் சாயங்காலம் அவர் தோளில் முகவாயை வைத்துக் கதை கேட்டவள், இப்போது அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தாள். இனி இந்தப் பக்கம் வரவே மாட்டாளோ என்ற பயம் ஞானராஜைப் பிடித்துக்கொண்டது. பயம் என்று சொல்ல வெட்கம். அதனால் அதையும் கோபமாகவே காட்டினார்.

ஒருநாள் அவரே உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கழுதை வந்த இடத்தில் கழுதையாகவே கத்திக் காட்டினார். முன்பென்றால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது தெருவில் போன இரண்டு பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். ரோசம்மா, இது கதையில வர்றதா, இல்ல நீங்களா என்று கேட்டாள்.

ஞானராஜ் புத்தகத்தைச் சுவரில் வீசினார். தையல் விட்டு, ஏடுகள் கடலைத் தோலுக்கு நடுவே சிதறின. வாசகர் யாராவது அப்படிச் செய்திருந்தால் அந்த ஆளை நூலகப் படி ஏறவே விட்டிருக்க மாட்டார்.

ராஜமேரி எழுந்து ஏடுகளைப் பொறுக்கினாள். தூசி தட்டி, வரிசையாக அடுக்கி, கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவளுக்கு இருந்தது பயமில்லை, கோபம் என்பது முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது.

அவர் குரல் இறங்கிவிட்டது. "கத்தியிருக்கலாமே, பாப்பா."

"கத்தியிருந்தா பச்சியப்பன் மாமா வந்து பூட்ட ஒடச்சிருப்பாரு. உங்களுக்கே என் நெனப்பு வந்து வருவீங்களான்னு பாத்தேன்ப்பா. நீங்க நாலு மணிக்கு லைப்ரரி தொறக்கத்தான் வந்தீங்க."