துணைக் கார்ட்

தோஹாவில் வேலை செய்யும் என் கணவர் மகேந்திரனின் கிரெடிட் கார்ட் கணக்கில் எனக்கும் ஒரு துணைக் கார்ட் இருந்தது. கண்டியில் நான் அதை எந்தக் கடையில் நீட்டினாலும் கடையின் பெயரும் தொகையும் அவருடைய போனுக்குப் போய்விடும். உடனே அழைப்பார்.

"என்ன, பேக்கரியா? இன்னைக்கும் சோறு ஆக்கலயா?"

"என்னைய வேவு பாக்குறீங்களா?" என்று எரிந்து விழுவேன். ஆஸ்பத்திரியில் எனக்கும்தான் சம்பளம் வருகிறது. பொறுக்க முடியாமல் என் பெயரில் தனிக் கார்ட் எடுத்தேன். அவர் மறுக்கவில்லை.

அதன் பிறகு அவருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை மட்டும்தான் அழைத்தார். சுகம் விசாரித்துக்கொண்டோம், வைத்தோம்.

இன்று வீட்டுக்குப் போக கலஹா பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பேக்கரிக்குள் ஒதுங்கி முதலை வடிவ பன்னான கிம்புலா பனிஸ் ஒரேயொன்று வாங்கினேன். கையில் சில்லறை இருந்தும், பர்ஸின் அடியில் கிடந்த பழைய துணைக் கார்டைத்தான் கொடுத்தேன். கடைக்காரர் முறைத்தார்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. போன் அடித்தது.

"பனிஸா?"

"ஆமாங்க."

"அந்தக் கார்ட நீ வெட்டிப் போட்டிருப்பேன்னு நெனச்சேன். அங்க மழையா? போன வச்சிராத. கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."

போனைத் தெருப்பக்கம் நீட்டினேன்.